பொம்பிளைக்குத் தாய்

நாலு மணிக்கு வருகிறார்களாம். நாலு மணிதான் நல்ல நேரம் என்று ஒஸ்லோவில் இருக்கிற ஐயர் டெலிபோனில் சொல்லிவிட்டாராம். நோர்வேயின் இந்த வடக்கு முனையில் கார்த்திகையில் போகிற சூரியன் தைப்பொங்கல் கழிந்துதான் திரும்பி வரும். ஐயர் எந்தச் சூரியனைப் பார்த்து ராகுகாலம் கணித்தாரோ, அது அவருக்கும் கடவுளுக்கும் இடையில் உள்ள விஷயம். யன்னலுக்கு வெளியே மத்தியானமே இருட்டாய்க் கிடக்கிறது. நான் குசினியில் நின்று ரோல்ஸ் சுற்றுகிறேன். பான்கேக்கை விரித்து, இறைச்சியும் கிழங்கும் வைத்து, இரண்டு பக்கமும் மடித்துச் சுருட்டி, முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளில் பிரட்டித் தட்டில் வை. பிறகு அடுத்தது. கை தன்பாட்டில் வேலை செய்கிறது. மேசைக்கு அந்தப் பக்கம் துஷ்யந்தி இருக்கிறாள். அவளுக்காகத்தான் இந்த ரோல்ஸ். கொழும்பிலிருந்து வந்து மூன்று நாளாகிறது. என்னுடைய ஸ்வெட்டருக்குள் அவளைத் தேட வேண்டும், அவ்வளவு மெலிவு. கிழங்குத் தோலைக்கூடப் பார்த்துப் பார்த்து மெல்லிசாக உரிக்கிறாள், எறிய மனமில்லாமல் ஒரு பக்கத்தில் சேர்த்து வைக்கிறாள். நாலு மணிக்கு அவளைப் பார்க்க வரப்போகிறவன் குகதாசன், வீட்டில் குகன், என் புருஷனுடைய அக்கா பூமணியின் ஒரே மகன். போட்டோவில் மட்டும் பார்த்த பெண்ணை இன்றைக்கு நேரில் பார்ப்பான், சனிக்கிழமை தாலி கட்டுவான். நான் யாரென்றால், நான்தான் இந்தப் பிள்ளைக்குத் தாயாம்.

பெற்றவள் வன்னியில் மல்லாவியில் தறப்பாள் சீலை கட்டிய ஒரு கொட்டிலுக்குள் இருக்கிறாள். அவளுக்கு யார் விசா கொடுப்பார்கள்? தகப்பன் இல்லை, கிளாலிக் கடலைப் படகில் கடக்கப் போனவர் போனவர்தான். ஆனால் மணவறையில் பெண்ணின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைத்து, தண்ணீர் ஊற்றித் தாரை வார்த்துக் கொடுக்கத் தாய் தகப்பன் வேண்டும். வெளிநாட்டில் நாங்கள் கண்டுபிடித்த பழக்கம் அதற்காகத்தான். பெண் தனியே வந்து இறங்குவாள், ஊரில் உள்ள ஒரு தமிழ்க் குடும்பம் தாய் தகப்பனாக நிற்கும், பட்டு வேட்டியும் பட்டுச் சேலையும் கிடைக்கும், வீடியோவில் முன்னுக்கு நிற்கலாம், திங்கட்கிழமை எல்லாரும் மீன் பக்டரிக்கு வேலைக்குப் போவோம். அதற்குப் பிறகு அந்தப் பெண் செத்தாளா இருக்கிறாளா என்று அந்தத் தாய் தகப்பனை யாரும் கேட்கப் போவதில்லை. இந்த ஊரில் இருக்கிற தமிழ் வீடுகளை ஒரு கைக்குள் அடக்கிவிடலாம், அதனால் மாப்பிள்ளையின் தாய்மாமனே பெண்ணுக்குத் தகப்பன். சிரிப்புத்தான் வருகிறது. மாப்பிள்ளை வீட்டுக்காரன் மாப்பிள்ளை வீட்டுக்காரனுக்கே பெண்ணைக் கொடுக்கப் போகிறான். பூமணி மச்சாள் போன மாதம் வந்து என் கையைப் பிடித்து, "ஜெயகௌரி, நீர்தான் அந்தப் பிள்ளைக்குத் தாயா நிக்கோணும், உம்மை விட்டா ஆர் இருக்கினம்?" என்று கேட்டபோது எனக்குத் தலையில் கொம்பு முளைத்தது போலத்தான் இருந்தது. ஒரு வருஷம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்காதவள். நான் சமைத்ததைத் தொடாதவள். குடும்பம் பிரித்தவள் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவள். அவளுக்கு என்ன திடீரென்று என்மேல் இவ்வளவு பட்சம்? இரண்டு நாள் யோசித்த பிறகுதான் விளங்கியது. என் கையாலேயே கொடுக்க வைத்துவிட்டால் பிறகு நான் வாய் திறக்க முடியாது. கொடுத்தவளே நீதானே என்று சொல்லிவிடலாம். கெட்டிக்காரி. அந்தக் கெட்டித்தனத்தில் பாதியை மகனை வளர்ப்பதில் காட்டியிருக்கலாம்.

எனக்கும் ஒரு தாய் நின்றாள். எண்பத்தெட்டில், இந்தியன் ஆமிக்காரர் எங்கள் ஊரில் வீடு வீடாகப் புகுந்த காலத்தில், அம்மா என்னை அனுப்பினால் போதுமென்று அனுப்பினாள். வந்து இறங்கிய எனக்குத் திலகேஸ்வரி அக்கா தாயாக நின்றாள். நல்ல மனுஷி என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். கல்யாணத்தன்று காலையில் எனக்குக் கூறைச் சேலைக்கு ஊசி குத்தும்போது, என் முகத்தைப் பாராமல், "சற்குணம் தங்கமான பிள்ளை, கொஞ்சம் முன்கோபம் மட்டும்தான், நீர் பொறுத்துப் போம்" என்றாள். கொஞ்சம். அந்தக் கொஞ்சம் என்ன அளவென்று எனக்கு அந்த வாரமே தெரிந்துவிட்டது. கறியில் உப்புக் கூடினால் கொஞ்சம், பக்டரியில் போர்மன் பேசினால் கொஞ்சம், அம்மாவின் கடிதத்தை இரண்டாம் தரம் வாசித்தால் கொஞ்சம். திலகேஸ்வரி அக்கா பக்டரியில் எனக்குப் பக்கத்தில் நின்று மீனில் முள்ளு எடுப்பாள், என் கன்னம் வீங்கியிருந்தால் குனிந்துகொண்டே முள்ளு எடுப்பாள். பிறகு கனடாவுக்குப் போய்விட்டாள். அங்கிருந்து வருஷப் பிறப்புக்கு வாழ்த்து அட்டை அனுப்புகிறாள், பூப் போட்ட அட்டை. இவருக்கு இப்போது சீனி வருத்தம். கை தளர்ந்துவிட்டது. காலையும் மாலையும் இன்சுலின் ஊசியை நான்தான் போடுகிறேன், அடித்த அதே ஆள் சேர்ட்டைத் தூக்கிக்கொண்டு குழந்தைப்பிள்ளை மாதிரி முன்னால் நிற்கிறார், நானும் போடுகிறேன். இப்போது ஹோலில் இருந்து டிவி பார்க்கிறார். "இஞ்சரும், ரோல்ஸ் முடிஞ்சுதே?" என்று கேட்கிறார். முடியும். எல்லாம் முடியும். மன்னித்துவிட்டேனா என்று என் மகள் ஒருநாள் கேட்டாள், இல்லை என்று சொன்னேன். அவள் இப்போது தெற்கே பேர்கனில் படிக்கிறாள், விடுமுறைக்கும் வருகிறாள் இல்லை, அதுவும் இந்த வீட்டின் சம்பாத்தியம்தான்.

அடுத்த பான்கேக் கிழிந்துவிட்டது. கிழிந்தால் உள்ளே இருக்கிறது எண்ணெயில் கொட்டும், எடுத்து ஒதுக்கி வை. சுகிர்தாவும் இதே கதிரையில்தான் இருந்தாள். குகனுடைய முதல் பெண்சாதி. யுத்த நிறுத்தம் வந்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் வந்தவள், பாட்டுக்காரி, எப்போது பார்த்தாலும் வாய்க்குள் ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். அவளுக்குத் தாயாக நின்றது வேறு யாரோ, ட்ரொம்சோவிலிருந்து வந்தவர்கள், கல்யாணத்தன்றே போய்விட்டார்கள். ஒரு மத்தியானம் மணி அடித்தது, கதவைத் திறந்தால் பனிக்குள் வீட்டுச் செருப்போடு நிற்கிறாள், ஒரு கையால் மற்றக் கையைத் தாங்கிப் பிடித்திருக்கிறாள், அந்தக் கை மணிக்கட்டில் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருக்கிறது. அழவில்லை. "அக்கா, கொஞ்சம் இருக்கலாமோ?" என்று மட்டும் கேட்டாள். இவர் உள்ளே இருந்து, குடும்பப் பிரச்சினைக்குள் தலையைக் கொடுக்காதையும் என்று கத்தினார். நான் அவளுக்கு என் கோட்டைப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இவர் டெலிபோன் அடித்திருப்பார், பூமணி மச்சாள் எங்களுக்கு முன்னால் அங்கே நின்றாள், மொழிபெயர்க்கவும் ஆள் பிடித்துவிட்டாள், சனிக்கிழமைகளில் அவள் வீட்டில் இருந்து முன்னூற்றிநாலு காட்ஸ் விளையாடுகிற மனுஷன். பனியில் சறுக்கி விழுந்துவிட்டாள் என்று அவன் அழகான நோர்வேஜிய மொழியில் சொன்னான். தாதி எழுதினாள். எனக்குத் தெரிந்தது மீன் பக்டரி நோர்வேஜியன், கத்தி, பெட்டி, முள்ளு, கெதியா, அவ்வளவுதான். ஆனால் ஐஸுக்குச் சொல் தெரியும், இல்லை என்பதற்குச் சொல் தெரியும், புருஷனுக்கும் சொல் தெரியும். "இக்கெ ஈஸ்" என்றேன். "மான்." ஐஸ் இல்லை, புருஷன். தாதி பேனாவை வைத்துவிட்டு எல்லாரையும் வெளியே போகச் சொன்னாள். சுகிர்தா திரும்ப அந்த வீட்டுக்குப் போகவில்லை. பெண்களை ஒளித்து வைத்துக் காப்பாற்றுகிற வீடொன்றுக்குப் போனாள், பிறகு தெற்கே எங்கேயோ. குகன் இரண்டு மாதம் தலை குனிந்து திரிந்தான், பிறகு புதுக் கார் வாங்கினான். விவாகரத்துக் கடுதாசி வந்ததும் பூமணி மச்சாள் மல்லாவிக்கு ஆள் விட்டுப் பெண் கேட்டாள். இங்கே ஒஸ்லோவில் பெண் இல்லையா? இருக்கிறார்கள். அவர்களுக்குத் தகப்பன்மார் இருக்கிறார்கள், தமையன்மார் கார் வைத்திருக்கிறார்கள், கேள்வி கேட்பார்கள். ஷெல் விழுகிற இடத்திலிருந்து எடுத்தால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். கேட்க ஆள் இல்லாத பிள்ளையாகப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள், கடையில் விலை குறைத்துப் போட்ட சாமான் எடுக்கிற மாதிரி.

அப்படியென்றால் இதை இந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதுதானே? மூன்று நாளாகச் சொல்லவில்லை. வாய் வரைக்கும் வருகிறது, பிறகு அவளுடைய காலைப் பார்க்கிறேன். கெண்டைக்காலில் சதை இல்லாத ஒரு பள்ளம், ஷெல் துண்டு போன வழி. குளிரில் அந்தக் கால் உளைகிறதாம், சிரித்துக்கொண்டு சொல்கிறாள். இன்றைக்குக் காலையில் தெருவில் பனி தள்ளுகிற வண்டி வந்தது, நிலம் அதிர அதிர வரும், எங்களுக்கு அது பழகிப்போன சத்தம். தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தவளைக் காணவில்லை. மேசைக்குக் கீழே குப்புறப் படுத்து, வாயைத் திறந்தபடி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கிடக்கிறாள். தேத்தண்ணி சிந்தவில்லை, கோப்பையை நேராக நிலத்தில் வைத்துவிட்டுத்தான் படுத்திருக்கிறாள். எத்தனை தரம் அப்படிப் படுத்தவளாக இருக்க வேண்டும். இவளிடம் நான் எதைச் சொல்வேன்? கல்யாணத்துக்கென்று விசா கொடுத்திருக்கிறார்கள், கட்டாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். கட்டாதே என்று சொன்னால் நான் அவளை அந்தத் தறப்பாளுக்குள் தள்ளுகிறேன், கிபிர் விமானத்துக்குக் கீழே தள்ளுகிறேன். பேசாமல் இருந்தால் சனிக்கிழமை குகனின் கையில் தள்ளுகிறேன். எங்கே தள்ளுவதென்பதை மட்டும் என்னிடம் விட்டிருக்கிறார்கள், தாய் என்ற பெயரில். சண்டை பிடிக்கிறவர்கள் ஒரு பக்கம் ஷெல் அடிக்கிறார்கள், தப்பி வந்தவன் இந்தப் பக்கம் நின்று கையால் அடிக்கிறான், நடுவில் நாங்கள் ரோல்ஸ் சுற்ற வேண்டும், பட்டுக் கட்ட வேண்டும், வீடியோவுக்குச் சிரிக்க வேண்டும். திலகேஸ்வரி அக்காவும் இப்படித்தான் நினைத்திருப்பாளோ? நினைத்திருப்பாள். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். அவளுக்கும் ஒரு நியாயம் இருந்திருக்கும், எல்லாரிடமும் ஒரு நியாயம் இருக்கிறது, அடி மட்டும் எங்களுக்கு. எண்ணெய் காய்ந்துவிட்டது. நான் அடுப்பைத் தணித்தேன், வெந்நீர் வந்த குழாயைப் பூட்டினேன், குசினிக் கதவைச் சாத்தினேன், டிவிச் சத்தம் குறைந்தது.

"பிள்ளை" என்றேன். "குகன் முதலே ஒருத்தியைக் கட்டினவன். தெரியுமோ?" துஷ்யந்தி கிழங்கைக் கீழே வைக்கவில்லை. "ஓம் அன்ரி." "அவளுக்கு அடிச்சவன். கையை முறிச்சவன். நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனனான்." என் குரல் எனக்கே கேட்காத மாதிரி இருந்தது. அவள் உரித்த கிழங்கைத் தண்ணீருக்குள் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள். "தெரியும் அன்ரி. சுகிர்தாக்கான்ர சித்தி மல்லாவியில எங்களுக்குப் பக்கத்துக் கொட்டில்தான். அவ வந்து அம்மாவுக்கு எல்லாம் சொன்னவ." நான் கதிரையை இழுத்து அவளுக்குக் கிட்ட இருந்தேன். "தெரிஞ்சோ அனுப்பினவ உன்ர அம்மா?" "அம்மா ரெண்டு நாள் சாப்பிடேல்லை. பிறகு சொன்னவ, கை முறிஞ்சா பொருத்தலாம் பிள்ளை, ஷெல் பட்டா என்னத்தைப் பொருத்திறது எண்டு." இதைச் சொல்லும்போது அவளுக்கு முகம் மாறவில்லை. தாயின் சமையற் குறிப்பொன்றைச் சொல்வது போலத்தான் சொன்னாள். "அங்க ஆர் அடிக்கிறான், எங்கயிருந்து அடிக்கிறான் எண்டு தெரியாது அன்ரி. இஞ்ச ஒராள்தானே. அவர் எந்த நேரம் கோவப்படுவார், எந்த நேரம் படமாட்டார் எண்டு பாத்துப் பழகியிருவன். தங்கச்சியையும் எடுக்கோணும். அவளுக்கு இப்ப பதினாறு." பிறகு, என்னை ஆறுதல்படுத்துகிற மாதிரி, "நீங்கள் யோசிக்காதேங்கோ" என்றாள்.

நீங்கள் யோசிக்காதேங்கோவாம். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கிழங்குச் சட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்திருப்பேன். யாரில் கோபம்? இவளிலா? மேசைக்குக் கீழே படுத்து எழும்பியவள் வாங்கப்போகிற அடிக்கும் ஒரு நேர அட்டவணை போடப் பார்க்கிறாள், அவளில் என்ன பிழை. அவளைப் பெற்றவளிலா? இரண்டு நாள் பட்டினி கிடந்து, முறிந்த கை ஒரு பக்கம், செத்த பிள்ளை ஒரு பக்கம் வைத்து நிறுத்துப் பார்த்திருக்கிறாள், எந்தத் தாய்க்கு இப்படி ஒரு தராசு கொடுக்கலாம்? என் அம்மாவும் நிறுத்துத்தான் பார்த்தாளா, அவளுக்கும் யாராவது சொல்லியிருந்தார்களா? இதை நான் இவ்வளவு வருஷமும் ஒருநாள்கூட நினைக்கவில்லை, இப்போது நினைத்து என்ன, அம்மா செத்து ஐந்து வருஷம், இனி யாரைக் கேட்பது. கேட்பது. அதுதான். எங்களில் ஒருத்திக்காகவும் யாரும் ஒருநாளும் வாய் விட்டுக் கேட்கவில்லை. நான் தாதியிடம் சொன்னேன், அதுவும் ஆஸ்பத்திரி அறைக்குள், அந்நிய மொழியில். குகனை நேரே பார்த்து, அவன் தாய்க்கு முன்னால், தமிழில், ஏன்டா என்று ஒரு சனம் கேட்கவில்லை. அவனோடு இருந்து காட்ஸ் விளையாடினார்கள், அவன் புதுக் காரில் ஏறிப் போனார்கள். என் புருஷன் சற்குணநாதனையும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்க ஆள் இல்லை என்று தெரிந்துதான் இவர்களுக்குக் கை நீளுகிறது. பெண்ணோடு தாயும் கூட வந்து இறங்கியிருந்தால் கல்யாணத்துக்கு முன்னால் எத்தனை கேள்வி கேட்டிருப்பாள், என்ன சம்பளம், குடி உண்டா, முதல் பெண்சாதி ஏன் போனாள், எங்கள் ஊரில் பெண்ணின் தாய் கேட்காத கேள்வி உண்டா? கேட்டுத்தானே கொடுப்பார்கள். தண்ணீர் ஊற்றுவதற்கு மட்டும் தாய் வேண்டும், கேட்பதற்கு வேண்டாமா? நீதான் தாய் என்று என் கையைப் பிடித்துச் சொன்னவள் பூமணி. சரி மச்சாள். நான்தான் தாய்.

மணி அடித்தது. இவர் ஹோலில் இருந்து, "வந்திட்டினம், கதவைத் திறவும்" என்றார். நான் கையைக் கழுவவில்லை, ரஸ்க் தூள் முழங்கை வரைக்கும் இருந்தது. துஷ்யந்தி என் முகத்தைப் பார்த்துப் பயந்து எழும்பினாள். "அன்ரி, ஒண்டும் சொல்லிப் போடாதேங்கோ. திருப்பி அனுப்பிப் போடுவினம்." "கட்டாதை எண்டு நான் சொல்லேல்லைப் பிள்ளை" என்றேன். "கேக்கப் போறன். தாய் கேக்கத்தானே வேணும்." அவள் என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே வந்தாள். பயம் எனக்கும் இருந்தது. கேட்டதற்காகவே இவர்கள் கல்யாணத்தை நிறுத்தினால், இந்தப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்வேன்? அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இருக்கிறவர்கள் எல்லாரும் பேசாமல்தான் இருந்தார்கள். கதவைத் திறந்தேன். குளிர் உள்ளே வந்தது, பூமணி மச்சாள் பட்டுச் சேலைக்கு மேல் கோட்டும் கையில் பழத்தட்டுமாக நின்றாள், பின்னால் குகன், சென்ட் மணம், புதுக் கழுத்துப் பட்டி. "வணக்கம் மாமி" என்று சொல்லிக்கொண்டு, வாசலுக்குள் வந்து குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினான்.

"கழட்டாதை தம்பி" என்றேன். அவன் குனிந்தபடியே அண்ணாந்து பார்த்தான். "உள்ளுக்கு வர முதல் பொம்பிளையின்ர தாய்க்கு ஒரு விஷயம் தெரியோணும். சுகிர்தாவுக்கு நீ முறிச்சது எந்தக் கை?" பூமணி மச்சாளின் தட்டில் இருந்து தோடம்பழம் ஒன்று விழுந்து படியில் உருண்டு போனது. "நல்ல நாளும் அதுவுமா என்ன கதை ஜெயகௌரி இது?" என்றாள். இவர் பின்னால் வந்து, "இஞ்சரும், உமக்கு விசரே?" என்று என் தோளைப் பிடித்தார், நான் தோளை உதறினேன், அந்தக் கையில் இப்போது பலம் இல்லை. "நான் உங்களைக் கேக்கேல்லை மச்சாள். அவனைக் கேட்டனான். எந்தக் கை? ஏன் முறிச்சனி? என்ர பிள்ளைக்கும் முறிப்பியோ? மூண்டுக்கும் பதில் சொல்லிப்போட்டுச் சப்பாத்தைக் கழட்டு." குகன் தாயைப் பார்த்தான், தாய்மாமனைப் பார்த்தான், தெருவில் நின்ற தன் காரைப் பார்த்தான். பக்கத்து வீட்டு நோர்வேஜியக் கிழவர் பனி அள்ளுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் சட்டையைப் பிடித்திருந்த கை விட்டது. ஓடிப் போய் அறைக்குள் பூட்டிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். துஷ்யந்தி எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள், அவனை முதன்முதலாக நேரே பார்த்தாள், ஒவ்வொரு சொல்லும் விளங்கச் சொன்னாள்.

"சொல்லுங்கோ. என்ர அம்மா கேக்கிறா."